தள்ளு இல்லாத சீட்டு

அம்மாவைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். அடக்கம் முடிந்த மறுநாள். ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், வேலை, வியாதி, மரணம். முடிவில் ஒரு வசனம். எங்கள் சபையில் யார் இறந்தாலும் இந்த வரிசைதான்.

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நடுவிலிருந்த இரண்டு பத்திகளைப் பேனாவால் அடித்தார்.

"ஆப்பிரிக்கா கதையெல்லாம் சர்ச்சுல எதுக்கு? போய்ட்டு வந்து இன்னா கண்டோம்? ஊட்டுக்கு ஒரு தளம் கூடப் போடல. ஜனங்க சிரிப்பாங்க."

அடிபட்ட அந்த இரண்டு பத்திகளில்தான் அம்மா இருந்தாள். எனவே இதை முழுதாக எழுதுகிறேன்.

அம்மா பெயர் ஜெயபுஷ்பம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடிக்கும் பெண்கள் அவள் பொறுப்பு. அப்பா சுந்தர்ராஜ் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோலைச் சுழற்றும் டிரம்மை ஓட்டினார். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே வருடம் அம்மாவின் கம்பெனி எத்தியோப்பியாவில் ஒரு யூனிட் திறந்தது. அங்குள்ளவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். அம்மாவும் கொடுத்தாள். கிடைத்தது.

"இன்னா சுந்தரு, பொண்டாட்டி சம்பளத்துல பிளேன் ஏறுறியா?" என்று தெருவில் கேட்டார்கள்.

"ஆமா. ஜன்னல் சீட்டு வேற கேட்டிருக்கேன்" என்றார் அப்பா.

2016 கடைசியில் மூவரும் அடிஸ் அபாபா போனோம். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவின் சம்பளத்தில் பாதி ரூபாயாக ஆம்பூர் கணக்குக்கு வரும். பாதியை அந்த ஊர்ப் பணமான பிர்ரில் கையில் கொடுப்பார்கள். ஆம்பூர் கணக்கின் ஏ.டி.எம். கார்டு பெரியப்பாவிடம் இருந்தது. நகைக்கடன், வீட்டு வரி எல்லாம் பார்க்க ஊரில் ஒரு ஆள் வேண்டும் என்று அம்மாதான் கொடுத்துவிட்டு வந்தாள். பெரியப்பா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

முதல் மூன்று மாதம் வீட்டுச் செலவு கட்டுக்குள் வரவில்லை. அம்மா எந்தப் பொருளை எடுத்தாலும் விலையை மூன்றால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்தாள். அரிசி விலையைக் கேட்டுப் பயந்து வைத்துவிட்டு வருவாள். மறுநாள் பசித்து, அதே அரிசியை இன்னும் அதிக விலைக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இனிமே இந்த ஊட்ல ரூபான்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. பிர்ருல சம்பாதிக்கிறோம், பிர்ருல துன்றோம். இந்த ஊர்க்காரன் இன்னா துன்றானோ அதான் நமக்கும்."

அரிசி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. மற்ற நாளெல்லாம் இஞ்சேரா. புளித்த மாவில் பெரிதாக வார்த்து ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. சமையல் அப்பாவுடையது.

"தோசையத் திருப்பிப் போடச் சோம்பல்பட்டவன் எவனோ கண்டுபிடிச்சிருக்கான்" என்றார் அப்பா. ஆனால் ஒரு மாதத்தில் நன்றாகச் சுட்டார். செலவு கட்டுக்குள் வந்தது.

அடுத்த அக்டோபரில் அரசாங்கம் பிர்ரின் மதிப்பைக் குறைத்தது. எண்ணெய், சர்க்கரை, பஸ் எல்லாம் ஏறின. அம்மாவின் பிர் சம்பளம் அதே எண்ணில் நின்றது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார். இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். நான் பதினொன்றாம் வகுப்பில், இந்தியப் பள்ளியில் இருந்தேன். நடுவில் ஊருக்குத் திரும்பினால் படிப்பு ஒரு வருடம் போகும். அம்மாவின் ஒப்பந்தமும் முறியும்.

அம்மா கணக்குப் பிரிவுக்குப் போய், ஆம்பூருக்குப் போகும் பாதியையும் இங்கேயே பிர்ரில் தரச் சொன்னாள். தருகிறோம், ஆனால் ஜனவரியிலிருந்துதான் என்றார்கள்.

அந்த வாரம்தான் பெரியப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"மேஸ்திரி தேதி குடுத்துட்டான்மா. கம்பிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. நம்ம ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒரே தளமாப் போட்டுடலாம். மிச்சத்த கார்டுல எடுத்துக்கிறேன்."

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை. இரண்டுக்கும் சிமெண்டு ஷீட்டுக் கூரை. ஒரே தளமாகப் போட்டால் மேலே ஒரு மாடி எழுப்பலாம். மாடி அவர் மகன் ஜெஸ்டனுக்கு. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

"எடுக்காதீங்க மாமா" என்றாள் அம்மா.

"இன்னா?"

"எடுக்காதீங்கன்னேன். இங்க வாடகை ஏறிப்போச்சு. ரெனிக்கு ஃபீசு கட்டணும். சம்பளம் பூரா இனிமே இங்கயே வாங்கப்போறேன்."

"அங்க வாடகை கட்டி இன்னா மிஞ்சும்? சொந்த ஊட்டுக்குத் தளம் போட்டா நாலு பேர் மதிப்பான். ஃபாரின் போனவ ஊடு ஷீட்ல கெடக்குதுன்னு பேசுவான் ஊர்ல."

"இருக்கிற ஊட்டுக்கு வாடகை கட்டிட்டுதான் மாமா, இல்லாத மாடிக்குக் கம்பி வாங்க முடியும்."

"ஜாஸ்தி பேசுற புஷ்பம். போன சுந்தர் கிட்ட குடு."

அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்காமலே பேசினார். "அண்ணா, சம்பளம் அவளுது. என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது? நான் இங்க சமையல்காரன்."

பெரியப்பா போனை வைத்தார். அம்மா உடனே வங்கிக்குப் பேசி கார்டை முடக்கச் சொன்னாள். காரணம் கேட்டார்கள்.

"என் கார்டு" என்றாள்.

அதன்பிறகு எங்களோடு பெரியப்பா வீட்டில் யாரும் இரண்டு வருடம் பேசவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் அம்மாவுக்குப் பெயர் வந்தது.

ஆனால் கார்டை முடக்கிய அந்த வாரத்தில் வாடகை இன்னும் கட்டியிருக்கவில்லை. ஆம்பூர் கணக்கில் கம்பிக்குப் போனது போக மிச்சம் கொஞ்சம்தான். அதை அடிஸ் அபாபாவுக்குக் கொண்டுவர எங்களுக்கு வழி தெரியவில்லை. ஜனவரி வரை தாண்ட வேண்டும்.

அம்மாவிடம் தையல் கற்றவர்களில் அல்மாஸ் என்று ஒருத்தி. தொழிற்சாலைப் பெண்களை வைத்து எக்கூப் நடத்தினாள். எல்லோரும் வாரம் ஒரு தொகை போடுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். அல்மாஸ் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இது சீட்டுடி, ரெனி! நம்ம சீட்டு! பேர மாத்தி வெச்சிருக்காங்க."

புதுச் சுற்று தொடங்கும் சனிக்கிழமை சேர்ந்தாள். என்னையும் ஆங்கிலம் பேச அழைத்துப் போனாள். அல்மாஸ் வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்துக் காப்பி கொடுத்தார்கள். பெயர் எழுதிச் சுருட்டிய காகிதங்களை ஒரு கண்ணாடிக் கோப்பையில் போட்டார்கள். அம்மா கோப்பையைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் பாத்திரச் சீட்டுக்குத்தான் குலுக்கல். பணச் சீட்டென்றால் ஏலம். பணம் யாருக்கு அவசரமோ அவள் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து எடுப்பாள். அதற்குப் பெயர் தள்ளு. அதிகம் தள்ளுபவளுக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அம்மா கையைத் தூக்கினாள். "ஃபைவ் தவுசண்ட் கட். மீ ஃபர்ஸ்ட்."

யாருக்கும் புரியவில்லை. இன்னும் யாராவது கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து, அம்மா "சிக்ஸ் தவுசண்ட்" என்று தன் ஏலத்தைத் தானே ஏற்றினாள். நான் எழுந்து தள்ளு என்றால் என்ன என்று விளக்கினேன். அல்மாஸ் அதை அவர்கள் மொழியில் சொன்னாள். கொஞ்சம் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றது. அல்மாஸுக்கு முகம் மாறியிருந்தது.

உன் ஆறாயிரத்தை நாங்கள் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும், நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டாள். அவசரம் என்றால் அவசரம் என்று சொல். விலை எதற்குச் சொல்கிறாய்?

அம்மா வீட்டு வாடகை என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் மாற்றிச் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். அன்று கோப்பையைக் குலுக்கவில்லை. "இஷி" என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். சரி என்று அர்த்தம். முழுப் பணமும் அம்மா கைக்கு வந்தது.

திரும்பும் வழியில் டாக்சிக்குக் காத்து நிற்கும்போது அம்மா சொன்னாள்.

"உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ தள்ளி எடுத்தேன். அப்பா வேலை போனப்போ தள்ளி எடுத்தேன். எவளுக்கு அவசரமோ அவதான் நஷ்டப்படணும்னு எவன்டி சொன்னான்? இத்தினி வருஷம் நானும் அத கேக்கவே இல்ல பாரு."

ஆறு மாத வாடகை கட்டினோம். ஜனவரியிலிருந்து முழுச் சம்பளமும் பிர்ரில் வந்தது. எக்கூப்பில் அம்மா ஒரு வாரமும் தவறவில்லை. 2019இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு ஒப்பந்தமும் முடிந்தது. ஊருக்கு வந்தோம். கொண்டுவந்த பணம் என் டிப்ளமோவுக்குப் போனது. தையல் மிஷின் சர்வீஸ் என்ஜினியராக இன்று நான் ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று சுற்றுவது அந்தப் பணத்தில். கூரை ஷீட்டாகவே இருந்தது. ஃபாரின் ரிட்டன் வீட்டைப் பார் என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் குறைவு.

அம்மா பழைய கம்பெனியில் சேர்ந்து, லைன் பெண்களை வைத்து மாதச் சீட்டு ஆரம்பித்தாள். ஏலம் கிடையாது. முதலில் யாருக்காவது அவசரமா என்று கேட்பாள். இல்லையென்றால் குலுக்கல். லைனில் ரஃபத் ஜஹான் என்று ஒரு அக்கா. அவள் நம்பவில்லை.

"தள்ளு இல்லன்னா உனக்கு இன்னாக்கா லாபம்? மெண்டலா நீ?"

"எனக்கு அவசரம் வரும்போது தெரியும்."

"எல்லாளும் மொத மாசமே அவசரம்னு வந்து நிப்பாளுங்க."

"நிக்கட்டும். பக்கத்துல ஒக்காந்து தைக்கிறவ மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லட்டும்."

முதல் மாதமே அவசரம் என்று வந்து நின்றவள் ரஃபத் ஜஹான்தான். அவள் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பொய் இல்லை. கொரோனாவில் கம்பெனி மூடியபோது சீட்டு நின்றது. திறந்ததும் தொடர்ந்தது. யாரும் ஓடவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு இருதயம் பழுதானது. வேலூரில் சேர்த்தோம். அந்த மாதம் குலுக்கல் நடக்கவில்லை. ரஃபத் ஜஹான் முழுப் பணத்தையும் பர்தாவுக்குள் கைப்பையில் வைத்து, பஸ் ஏறி வார்டுக்கு வந்தாள். அம்மா ஆக்சிஜன் மாஸ்கை ஒரு கையால் விலக்கினாள்.

"தள்ளு எவ்ளோ?"

"வாய மூடிட்டுப் படுக்கா" என்று சொல்லி ரஃபத் ஜஹான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத என்னால் இப்போது முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சபையில், பெரியப்பா அடித்த தாளைத்தான் கையில் வைத்திருந்தேன். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பத்திகளையும் வாசித்தேன். எங்கள் வீட்டுக்கு இன்றும் சிமெண்டு ஷீட்டுக் கூரைதான், அது அம்மாவால் முடியாமல் போனது அல்ல, அம்மா எடுத்த முடிவு என்று முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் லைன் பெண்கள் இருந்தார்கள். முக்காடு போட்டிருந்த ரஃபத் ஜஹான், இது எந்த மாதிரி இடம் என்று யோசிக்காமல், "ஆமா!" என்றாள் சத்தமாக.

மதியச் சாப்பாட்டில் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் இருந்தது. காட்டவில்லை.

"நடந்தது நடந்து போச்சு. புஷ்பத்தோட பி.எஃப். பணம் உன் பேர்ல வருமில்ல? இப்பவாவது தளத்தப் போட்டுடலாம் ரெனிட்டா. அவ ஞாபகமா இருக்கும்."

"அம்மா எடுத்த சீட்டுக்கு இன்னும் ஏழு மாசம் கட்டணும் பெரியப்பா."

"செத்தவ சீட்டுக்கு எவனும் வந்து கேக்கமாட்டான்."

"கேக்கமாட்டாங்க. அதான் கட்டணும்."

"அதுக்கப்புறம்?"

"இருக்கிற ஊட்டுச் செலவு முடியட்டும். இல்லாத மாடியப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவருக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இலையை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியை வைக்காமலே சொன்னார்.

"இஷி."

அடுத்த சனிக்கிழமை சீட்டு எங்கள் வீட்டில். அம்மாவின் இடத்தில் நான். யாருக்காவது அவசரமா என்று முதலில் கேட்பேன். மழை வந்தால் ஷீட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. உரக்கப் பேசிக்கொள்வோம்.