வெந்நீரில் அலசிய ஸ்பாஞ்ச்

மலைமேல் நாகலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், செடிகள் நட்டு ஒரு மீன்தொட்டி வைத்தேன். அதுதான் என் முதல் தொட்டி. மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளர்ந்த பிறகே மீன் விட வேண்டும் என்று படித்திருந்தேன். அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகட்டும் என்று மீனே இல்லாத தொட்டியில் தீனி தூவிக் காத்திருந்தேன். மலைக்குளிரில் அவை வளர்வதாகவே தெரியவில்லை. வாரக்கணக்கில் சோதித்தும் தண்ணீரில் அம்மோனியா என்ற அந்த நஞ்சு இறங்கவில்லை. "ஏனுங்க, வெறும் தண்ணியத்தான் வளர்க்கறீங்களா?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்டு எரிச்சலூட்டினார்கள்.

ஒருவழியாக நஞ்சு இல்லையென்று சோதனை காட்டியது. உடனே சேலம் போய் மீன்கள் வாங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வாசலிலேயே என் கணவர் பெருமையாக நின்றார். "மீனு வருதேன்னு தொட்டியச் சுத்தம் பண்ணிட்டேன். அந்த ஸ்பாஞ்சு நொம்ப அழுக்கு. வெந்நீர்ல அலசிக் காயப் போட்டிருக்கேன்."

"அந்த அழுக்குக்காகத்தானுங்க இத்தன நாளாக் காத்திருந்தேன்" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உதவியாகச் செய்தவரைத் திட்டவும் முடியவில்லை.

மீன்களைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. தொட்டியில் விட்டு, நஞ்சு சேராதிருக்கத் தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். அவரும் முகம் வாடிக் குடம் குடமாகச் சுமந்தார். அப்படியும் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

இப்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து மாட்டுகிறேன். மீன் வாங்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.