சில்வர் பெயின்ட் அடித்த கூண்டு

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது குரங்குக் கூண்டுதான். முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய கம்பெனி குடியிருப்பில் கணவருக்கு வீடு ஒதுக்கியபோது, "பார்க் பாத்த வீடு மேடம், எல்லாரும் கேக்குத வீடு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். பார்க் என்பது நாலு சிமென்ட் பெஞ்சு, தண்ணீர் வராத ஒரு நீரூற்று, நடுவே கூண்டுக்குள் ஒரு சிம்பன்சி.

பழைய முதலாளிகளில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி வந்ததாம். வாங்கியவருக்கும் சரி, பார்க்க வந்தவர்களுக்கும் சரி, அதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. "ஏலே" என்று கூப்பிடுவார்கள், அது திரும்பிப் பார்க்கும். உடனே சிரிப்பார்கள். மிக்சரை வீசுவார்கள், ஐஸ் குச்சியை வீசுவார்கள். இதற்கு ஞாயிற்றுக்கிழமை குளித்து, பவுடர் போட்டு, குடும்பத்தோடு வருவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கக் கிளம்புமுன் காலையில் தோசை ஊற்றும்போது அது இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலையே பார்த்து நிற்கும். அந்தத் தோசை எனக்குத் தொண்டையில் இறங்கியதே இல்லை.

போன வருடம் அதிகாரிகள் வந்து, அனுமதியில்லாமல் இதையெல்லாம் வளர்க்கக் கூடாது என்று அதை வெளியூர் உயிரியல் பூங்கா ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே மரம் இருக்கிறது, மண் இருக்கிறது, அதன் இனத்திலேயே இன்னும் இரண்டு இருக்கின்றன என்று கூடப்போன டிரைவர் வந்து சொன்னார். அன்று நான் பாயசம் வைத்தேன். கணவர் எதற்கு என்று கேட்டார். கேள்வி கேட்காமல் குடியுங்கள் என்றேன்.

காலியான கூண்டை என்ன செய்வது என்று குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. ஒருவர் அதை ஜிம் ஆக்கலாம் என்றார். இன்னொருவர் பிள்ளைகள் படிக்கும் அறை ஆக்கலாம் என்றார், கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்தால்தான் படிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கத் தோதான இடம் என்றும் ஒரு குரல் வந்தது. இடித்துத் தள்ளுங்கள் என்று நான் சொன்னேன். கோயிலை இடிக்கச் சொன்னவளைப் பார்ப்பது மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது தலைவர் எழுந்தார். கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. "கூண்ட சரி பண்ணிட்டு, குரங்கத் திருப்பிக் கேப்போம். லீவுக்குத் துபாய்ல இருந்து பேரன் வாரான். அவனுக்கு இங்கன என்னத்தக் காட்ட?" என்றார். கை தட்டினார்கள். பேரனுக்குக் கடலைக் காட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரிகளுக்கு மனு போட்டார்கள். கூண்டைச் சரிசெய்து வையுங்கள், மிருக டாக்டர் வந்து பார்ப்பார், திருப்தியாக இருந்தால் யோசிக்கலாம் என்று பதில் வந்துவிட்டது. மரத்தைப் பார்த்துவிட்ட ஜீவனை மறுபடி இந்தச் சிமென்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஜன்னலைத் திறக்காமலே சமைத்தேன்.

சரிசெய்தல் என்றால் எங்கள் கடற்கரையில் ஒரே அர்த்தம்தான், பெயின்ட். துருவைச் சுரண்ட மாட்டார்கள். உப்புக்காற்று தின்ன தின்ன, வருடாவருடம் திருவிழாவுக்கு முன்னால் அதன் மேலேயே சில்வர் அடிப்பார்கள். இந்தத் தடவை இரண்டு கோட். பின்சுவரில் ஒரு காடு வரைந்தார்கள், அதில் ஒரு அருவி, ஒரு சிங்கம். தரைக்குக் குளியலறை டைல்ஸ். கம்பியைச் சுரண்டிவிட்டாவது அடியுங்கள் என்றேன். தலைவர் சிரித்தார். "டீச்சர், என்ன இப்படிச் சொல்லுதிய! ஒடச்ச கப்பல்ல இருந்து நானே பாத்து எடுத்த இரும்புல்லா. கடலையே பாத்த இரும்பு, அத இந்தக் காத்து என்ன செஞ்சிரும்?" கப்பலில் வந்த எதுவும் கெடாது என்பது இங்கே படித்தவர்களுக்கும் உள்ள நம்பிக்கை.

டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். அது ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"புது டயர் கட்டியிருக்கோம் மேடம்."

"யாரும் பாக்க வேண்டாம்னு அதுக்குத் தோணினா எங்க போய் உக்காரும்?"

"ஒளிஞ்சிட்டா நாங்க எப்படி மேடம் பாக்கது?" என்றார் தலைவர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

டாக்டர் கம்பிகளைப் பார்த்து, இது தாங்குமா என்றார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி தலைவர் முன்னால் போய் ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, "யானையக் கட்டலாம் மேடம்" என்று ஓர் உலுக்கு உலுக்கினார். கம்பி கையோடு வந்துவிட்டது. சில்வர் தோல் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்து, உள்ளே இருந்த சிவப்புப் பொடி முழுக்க அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. டாக்டர் அடுத்த கம்பியை விரலால் தட்டினார். அதுவும் முறிந்தது.

"அது அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். நடித்து மறைக்கவில்லை. கம்பியும் கையுமாக நின்ற மனிதரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். இனி அது வராது.

எல்லோரும் கலைந்த பிறகு, எங்கள் ஜன்னலைப் பார்த்த பக்கத்துக்குப் போனேன். அது பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த இரண்டு கம்பிகள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே கணவரைக் கூப்பிடுகிறவள் நான். லேசாக இழுத்தேன். இரண்டும் வந்துவிட்டன. ஒரு வருடத்தில் இரும்பு இப்படி ஆகாது, அது உள்ளே இருந்தபோதே இப்படித்தான் இருந்திருக்கும். என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

கூண்டை இன்னும் இடிக்கவில்லை. முறிந்த இடங்களில் பிளாஸ்டிக் பைப்பைச் செருகி, மேலே சில்வர் அடித்திருக்கிறார்கள். திருவிழாவுக்குப் பார்வையாக இருக்க வேண்டுமாம். தோசை ஊற்றிக்கொண்டே அந்தப் பைப்புகளைப் பார்க்கிறேன். அந்தக் குரங்கை அடைத்து வைக்க இந்தப் பைப்பே போதுமாக இருந்திருக்கும். ஒரு தடவைகூட அது இழுத்துப் பார்க்கவில்லை.