மீசை நீண்ட இறால்

எங்கள் தூண்டில் சங்கத்தின் அறைச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று தொங்குகிறது. சால்மன் மீனைக் கரைக்குக் கொண்டுவந்த பொய் இரைகளை அதில் குத்தி வைப்போம். ஒரே விதிதான்: மீனைப் பிடித்தவரே தன் கையால் கட்டிய இரையாக இருக்க வேண்டும். நான் ஜெர்மனியில் இந்த ஹம் நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல், சங்கத்தில் சேர்ந்து ஆறு வருடம். அந்தச் சட்டத்தில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் மாநிலத்து ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை. அதனால் வருடத்தில் ஒரு வாரம் எல்லோருமாக டென்மார்க் போவோம். மற்ற நாட்களில், தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வந்ததும், குசினி மேசையில் சிறிய இடுக்கியைப் பூட்டி, அதில் தூண்டில் முள்ளை மாட்டி, இறால் போன்ற பொய் இரை கட்டுவேன். செம்மஞ்சள் சாயம் போட்ட மான்வால் மயிர் மீசை. சரிகை சுற்றிய பட்டுநூல் உடம்பு. சேவல் கழுத்து இறகு கால்கள். பயந்த இறால் பின்பக்கமாகப் பாயும் என்பதால், மீசையை முள்ளின் வளைவுப் பக்கம் கட்ட வேண்டும். ஆற்றில் ஏறும் சால்மன் எதையும் தின்பதில்லை. பிறகு ஏன் இதைக் கவ்வுகிறது? கோபத்தில்தான் என்பது என் கட்சி. கோபக்காரரை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

ஒரு நாள் அதே மேசையில் என் மனைவி கறிக்கு இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். என் வேலையை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, றாலுக்கு மீசை இவ்வளவு கட்டையே?"

சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதன் மீசை உடம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. இத்தனை வருடம் இறால் தின்றும் நான் அதைக் கவனிக்கவில்லை. கட்டியதை அறுத்துப் போட்டுவிட்டு, மீசையை நீளமாக வைத்துப் புதிதாகக் கட்டினேன்.

சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இது இறாலா, வீடு கூட்டும் தும்புத்தடியா? மீன் மயிரைத்தான் கடிக்கும், முள்ளைத் தொடாது. பாதியாக வெட்டு" என்று ஜெர்மனில் சொல்லிக் கத்தரிக்கோலையும் நீட்டினார். எனக்கு ரோசம் கொஞ்சம் அதிகம். இறாலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

டென்மார்க்கில் மூன்றாம் நாள் ஒரு மீன் கவ்வியது. கவ்விய சால்மன் திரும்பி நூலை இழுத்துக்கொண்டு போகும்வரை ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். நானோ யாழ்ப்பாணக் கடலில் கையால் நூல் பிடித்து வளர்ந்தவன். விரலில் கடி தெரிந்த நொடியே சுண்டி இழுக்காவிட்டால் அங்கே மீன் இல்லை. நூலைப் பிடித்திருந்த என் இடது கை யோசிக்கவே இல்லை, சுண்டிவிட்டது. நூல் வெறுமையாக வந்தது.

"நான் சொன்னேனே, மீசை!" என்று தலைவர் கரையிலிருந்து கத்தினார்.

பிழை கையுடையது, மீசையுடையது அல்ல. ஆனால் யார் நம்புவார்கள்? மீனைத் தவறவிட்டதைவிட அந்தச் சொல்தான் சுட்டது.

கடைசி நாள் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு முறை நூலை வீசிய பிறகும், இடது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டு, ஸிப்பை மணிக்கட்டுவரை இழுத்து மூடினேன். மதியத்துக்குச் சற்று முன் கடி தெரிந்தது. பைக்குள் கை துடித்தது. "முருகா" என்றபடி அசையாமல் நின்றேன். நூல் மெல்ல இறுகியது, பிறகு நூல் சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டது. அப்போதுதான் தூண்டில் கோலை உயர்த்தினேன். ஸிப்பைத் திறக்க நான் பட்ட பாட்டைத் தலைவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

வலையோடு தண்ணீரில் இறங்கியதும் அவர்தான். தொண்ணூறு சென்டிமீட்டர். முள் தாடையின் மூலையில் கெட்டியாக ஏறியிருந்தது. அவர் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மீன் வாலை ஒரு தரம் அடித்துவிட்டு ஆற்றுக்குள் போனது. நான் அழுதேன். வெட்கமில்லை.

மீனின் பல் பட்டு மீசையில் பாதி போயிருந்தது. "சட்டத்துக்குப் புதிதாக ஒன்று கட்டித் தாயேன்" என்றார் தலைவர். முடியாது என்று, மீன் கடித்ததையே குத்தினேன்.

சங்கத்தின் கோடை விருந்துக்குக் குடும்பங்களும் வந்திருந்தன. என் மனைவி கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்னப்பா, கட்டையா வெட்டிப்போட்டியள்? அவையின்ர கதையைக் கேட்டிட்டியளோ?"

"நான் வெட்டேல்லை. மிச்சத்தை மீன் கொண்டு போயிட்டுது."

என்ன பேசுகிறோம் என்று தலைவர் கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவள் கேட்டதையும் என் பதிலையும் ஜெர்மனில் திரும்பச் சொன்னேன்.