இடது கன்னம்

கடம்பத்தூரில் ரயில் ஏறினால் பாக்கியநாதனுக்கு ஜன்னலோரம்தான் வேண்டும். காற்றுக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இடது கன்னத்துத் தழும்பை ஜன்னல் பக்கம் திருப்பி மறைத்துக்கொள்ளத்தான். யாராவது கேட்டுத் தொலைத்தால், "சின்ன வயசுல அடுப்புல வுழுந்துட்டேன்" என்பான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையேதான் சொன்னான், ஒன்றும் கூடிவரவில்லை. நாற்பது வயதில் தனியாகப் பொங்கி, தனியாகத் தின்று, தனியாகப் படுக்கிற பிழைப்பு. அதெல்லாம் ஒரு பிழைப்பா?

பட்டணத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டாக்டர் முயலின் காதுத் தோலில் சிறு காயம் உண்டாக்கி, புது ரத்தக்குழாய் எப்படி முளைக்கிறது, புண் எப்படி ஆறுகிறது என்று பார்ப்பார். பிள்ளைகள் முகத்தில் செக்கச்செவேலென்று புடைக்கும் ரத்தக்கட்டிகளும் அவருடைய ஆராய்ச்சிதான். ஒருநாள் சுவரில் ஒரே பிள்ளையின் படங்கள் இரண்டை மாட்டினார். கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் கட்டி. பள்ளிக்கூடம் போகிற வயதில் சுத்தமான கன்னம்.

"வைத்தியமே பண்ணலப்பா. இந்த வகைக் கட்டி பெரும்பாலும் தானாவே சுருங்கிடும்" என்றார்.

பாக்கியநாதன் முயல் கொட்டகைக்குப் போய் அழுது தீர்த்தான். ஏனென்று கேட்க அங்கே ஒருவருமில்லை.

இன்றைக்குத் திருவள்ளூரில் கைக்குழந்தையோடு ஏறிய கங்கம்மா என்பவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். குழந்தையின் கன்னத்தில் அதே சிவப்புக் கட்டி. பக்கத்திலிருந்தவளிடம், "திருநின்றவூர்ல ஒருத்தரு சூடு வெக்கிறாராம். ஒரே இழுப்புல கட்டி கருகிடுமாம்" என்றாள்.

"வாணாம்மா! தானா போயிடும், எங்க டாக்டரே சொல்லிக்கிறாரு" என்று பாக்கியநாதன் சட்டென்று திரும்பினான்.

அவன் கன்னத்தைப் பார்த்து அவள் அரண்டுபோனாள். "ஒனக்குத் தானா போவலியே அண்ணே! சும்மா உட்டதாலதான இப்டி ஆயிக்கீது? எம்பொண்ணுக்கு வாணாம் இந்தக் கதி."

அடக் கடவுளே! நல்லது சொல்லப் போய் இப்படியா ஆக வேண்டும்? செவ்வாப்பேட்டையும் தாண்டிவிட்டது, திருநின்றவூர் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக் கதை இங்கே செல்லாது. ஆனால் இத்தனை வருஷமாக அம்மாவை ஊர் வாயிலிருந்து காப்பாற்றியதும் அந்தக் கதைதான்.

"எனக்கும் இதே கட்டிதாம்மா. எங்கம்மாதான் சூடு வெச்சிச்சு. கட்டி போச்சு, மூஞ்சியும் போச்சு." கன்னத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்படி காட்டினான். "எம்மேல உசுரையே வெச்சிருந்துச்சு. அதுக்குத் தெரியல, பண்ணிடுச்சு. ஒனக்குத்தான் இப்பத் தெரிஞ்சிபோச்சே."

திருநின்றவூரில் வண்டி நின்றது. கங்கம்மா எழுந்து வாசல்வரை போனாள். வண்டி ஊதியதும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க டாக்டராண்ட என்னை இட்டுக்கினு போறியா?" என்றவள், குழந்தையின் கன்னத்தைத் தடவியபடியே கேட்டாள்: "தானாவே போயிருக்கும்னு ஒங்கம்மாவுக்குத் தெரியுமா, அண்ணே?"

"தெரியாமலே போய்ச் சேந்துடுச்சும்மா. அந்தமட்டும் நல்லது."