ஏழு நிமிடம் ஆர்கன் இல்லாமல்

கண்ணாடிக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக எழுத்துப் பலகையைக் காட்டி ஊரையே படிக்க வைத்தவர். அவர் இசை எழுதுகிறவர் என்பது மட்டும் தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிலும் பாதிப் பேர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு ஒரு மெட்டு, அடக்க ஆராதனைக்கு ஒரு மெட்டு என்று கேட்டபோதெல்லாம் போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் போகிற போக்கில் கண்ணாடியைக் கழற்றி நீட்டி, ஸ்க்ரூ லூசாக இருக்கிறது, கொஞ்சம் முடுக்கிக் கொடுங்கள் என்பார்கள். முடுக்கியும் கொடுப்பார்.

யாரிடமும் போய்க் கற்றவரில்லை. பன்னிரண்டு வருடம் பாடகர் குழுவில் ஒவ்வொருவர் பாட வேண்டியதையும் கையால் படியெடுத்துக் கொடுத்தது அவர்தான். பெண்களின் மேல்குரல் எங்கே ஏறுகிறது, ஆண்களின் அடிக்குரல் எங்கே பொறுத்திருந்து நுழைகிறது என்பதெல்லாம் எழுத எழுதக் கைக்குப் பிடிபட்டது. கை கற்றதைக் காது சரிபார்த்தது. இந்த வகையில் சங்கீதம் கற்றவர் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஒருவர் வாய்த்தார், அவ்வளவுதான்.

தேவாலயக் கட்டடத்துக்கு நூறு வயது நிறைந்த வருடம் போதகர் கடைக்கே வந்து, அன்றைய ஆராதனைக்குப் புதிதாக ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பாவம், அவர் எதிர்பார்த்தது மூன்று சரணம். கிடைத்தது நான்கு குரலுக்கு எழுதப்பட்ட ஒன்பது நிமிட ஜெபம். அதில் முதல் ஏழு நிமிடம் வெறும் மனிதக் குரல்தான். கைவிடப்பட்டவர்கள் ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள். கெஞ்சிக் கூப்பிடுகிறார்கள், கோபித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். பதிலே இல்லை. ஏழாவது நிமிடத்தின் முடிவில் ஆர்கன் நுழைகிறது. அதுதான் பதில்.

ஆர்கன் வாசிப்பவர் அவருடைய அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர். முப்பது வருடமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அதைப் பளபளப்பாக்கியவர். முகத்துக்காகப் பேசத் தெரியாதவர். தாள்களைக் கடைசிவரை புரட்டிவிட்டு மைத்துனியை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கே, கண்ணாடி. ஆனா நம்ம ஆளுங்க ஏழு நிமிஷம் தனியா நிக்க மாட்டாங்க. இறங்கிடுவாங்க."

இறங்குவது என்றால் சுருதி இறங்குவது. வாத்தியத் துணையில்லாமல் பாடும் குழு மயிரிழை மயிரிழையாகக் கீழே சரியும். எல்லாரும் சேர்ந்தே சரிவதால் பாடுகிறவர்களுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் ஆர்கன் உலோகக் குழாய். அது யாருக்காகவும் சரியாது. குழு ஓரிடத்தில் நிற்க, ஆர்கன் வேறிடத்தில் வந்து இறங்கினால், அத்தனை பேர் முன்னிலையில் பதில் வந்த அதே நொடியில் மானம் போய்விடும்.

அவர் வாய் முகூர்த்தம், முதல் ஒத்திகையிலேயே நடந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் இரண்டு கட்டை சுருதியில் ஆரம்பித்த இருபத்து நாலு பேர், ஏழு நிமிடம் கழித்து ஒரு கட்டைக்கு வந்து நின்றார்கள். முழுசாக ஒரு கட்டை இறக்கம். அடுத்த வாரம் அரைக் கட்டை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் ஒன்று. பழி முழுவதும் பஸ் டிரைவர் தலையில் விழுந்தது. அடிக்குரல்காரர்களில் அவர் குரல்தான் பெரிது, இடி என்றே பெயர். சத்தம் பெரிதாக இருந்தால் தப்பும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தான் ஒரு வழி சொன்னார். கடைசி நிமிடத்தில் குழு எங்கே நிற்கிறது என்று காதால் பிடித்து, அதற்குத் தக்கபடி தாமும் இறக்கி வாசித்துவிடுவதாக. ஈ, காக்காய்க்குத் தெரியாது என்றார். கண்ணாடிக்காரம்மா முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஆண்டவரே இறங்கி வந்தவர்தானே, நான் இறங்கினா என்ன?" என்றார் அத்தான்.

"அவர் ஆண்டவர். நீங்க அத்தான்."



கடையில் கண் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிவிட்டு மறு கண்ணைச் சோதிப்பார்கள். நான்காவது ஒத்திகையில் கண்ணாடிக்காரம்மா அதையே செய்தார். அடிக்குரல்காரர்களை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னார். சுருதி இறங்கியது. வெளியே நின்ற இடி அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு குரலாக வெளியே போய் வந்தது. மேல்குரல் பெண்கள் முற்றத்தில் நின்றபோது உள்ளே இருந்த மூன்று குரலும் ஏழு நிமிடமும் ஆடாமல் அசையாமல் நின்றன.

மேல்குரலை நடத்துவது அக்கா. குழுவின் நட்சத்திரம். அக்காவின் குரலைக் கேட்கவென்றே ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் உண்டு. நான்காவது பக்கத்தில் உயரத்தில் ஏறித் திரும்பும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு நூல் கீழே இறங்கிவந்தது அக்காதான். மற்றவர்கள் அக்காவை நம்பிப் பின்னாலேயே போனார்கள்.

 கண்ணாடிக்காரம்மா எத்தனையோ பேரிடம் உங்கள் பார்வை குறைந்துவிட்டது என்று சொல்லி முறைப்பு வாங்கியவர்தான். ஆனால் இது அக்கா. மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷமா பாடறேன். ஒருத்தர் சொன்னதில்லை."

"முப்பது வருஷமும் அத்தான் பின்னாடியே வாசிச்சாரே அக்கா. நீ தனியா பாடினதே இல்லையே."

கூடத்தில் இருந்த அத்தான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முகத்துக்காகப் பேசத் தெரியாத மனிதர், கட்டியவள் விஷயத்தில் மட்டும் முப்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் மைத்துனிக்கு விளங்கியது.

அடுத்த ஒத்திகைக்கு அக்கா வரவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பல் டாக்டரின் மகள் நன்றாகப் பாடுவாள், அவளை முன்னால் நிறுத்தலாம் என்றார்கள். இல்லாவிட்டால் ஏழு நிமிடத்தை மூன்றாக வெட்டிவிடலாம் என்றார்கள். கண்ணாடிக்காரம்மா எதற்கும் தலையாட்டவில்லை. மேல்குரலை அவர் எழுதியதே அக்காவின் குரலை மனதில் வைத்துத்தான். அக்காவையும் இழந்து பாட்டையும் இழக்கப் போகிறோம் என்று அன்று வீட்டுக்கு வந்து அழுதார்.

ஆராதனைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கடைக்குள் நுழைந்தாள். கண் பார்க்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எந்த இடம்? காட்டு."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடைக் கதவில் 'இடைவேளை' அட்டை தொங்கியது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். நடுவில் ஐம்பத்தெட்டு வயது அக்கா முதல் நாள் பாட வந்தவள் மாதிரி நின்று, ஏறுவாள், திரும்புவாள், நிறுத்துவாள், மறுபடி ஏறுவாள். தங்கை கீழ்க்குரலைப் பாடிக்கொண்டே விரலால் மேலே, மேலே என்று காட்டுவார். அக்காவுக்கு ஆத்திரம் வரும், தாளை மேசையில் எறிவாள், தண்ணீர் குடிப்பாள், திரும்ப எடுப்பாள். ஒன்பது நிமிட இசையை எழுதி முடித்த அன்றுகூடக் கண்ணாடிக்காரம்மா இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இருந்தும் கடைசி ஒத்திகையில் குழு அரைக் கட்டை இறங்கியது. யாரும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிறு காலை தேவாலயத்தில் இடமில்லை. சுவரோரமும் ஆட்கள். ஆர்கன் ஒரே ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டு மௌனமானது. கண்ணாடிக்காரம்மா கையை உயர்த்தினார். குழு கூப்பிடத் தொடங்கியது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான்காவது பக்கம் வந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள், திரும்பினாள். இடியின் குரல் தரையில் ஊன்றி நின்றது. பிறகு கோபம் வந்தது, கெஞ்சல் வந்தது, எல்லாக் குரலும் ஒன்றாகி ஒரே வார்த்தையில் வந்து நின்றன. ஆர்கன் நுழைந்தது.

ஒட்டியது. இம்மி பிசகாமல் ஒட்டியது. பெஞ்சுகள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஒரு தாத்தா தன்னையறியாமல் எழுந்து நின்றார், அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள்.

கண்ணாடிக்காரம்மாவுக்கு மட்டும் அந்தக் கடைசி இரண்டு நிமிடமும் நெஞ்சில் முள். அத்தான் இறக்கி வாசித்திருந்தால்? இறக்கி வாசித்தாலும் இப்படித்தானே ஒட்டும்? அவர் இருந்த இடத்திலிருந்து அத்தானின் முதுகுதான் தெரிந்தது, கைகள் தெரியவில்லை.

முடிந்ததும் போதகர் அடுத்து என்ன என்பதை மறந்து நின்றார். ஆட்கள் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் கண்ணாடிக்காரம்மா நேரே ஆர்கன் பக்கம் போனார். அவருக்கு முன்னால் அக்கா போய் நின்றிருந்தாள். அவளுக்கும் அதே சந்தேகம். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

"அத்தான், எங்கே வாசிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அத்தான் நிதானமாகத் தாள்களை அடுக்கினார். மைத்துனியைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

"எழுதினபடி ஒண்ணு, அரைக் கட்டை இறக்கி ஒண்ணு, முழுசா இறக்கி ஒண்ணு. நீ திட்டுவேன்னு தெரிஞ்சும் மூணு விதமா பழகி வெச்சிருந்தேன், கண்ணாடி. விரலெல்லாம் வலி." விரல்களை மடக்கி நீட்டினார். "அதுல ரெண்டை உங்க அக்கா வீணாக்கிட்டா."