சொந்தக் காரணம் என்று எழுதச் சொன்னவர்

பல்கலைக்கழக அலுவலகத்தில், படிப்பைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் கடிதம் கொடுப்பதற்கென்று ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்டாம்ப் அக்கா. கை அவ்வளவு வேகம். வாயும் லேசுப்பட்டதல்ல. "ரோட்டுல நான் ஹாரன் அடிக்கிறேன், வீட்டுல நீ அடிக்கிற" என்பார் பேருந்து ஓட்டும் கணவர்.

வேகத்துக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் கோப்பை அன்றே மூடிவிடலாம். வேறு எதை எழுதினாலும் துறைக்குப் போகும், விளக்கம் கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதோடு மாட்டிக்கொள்ளும். அதனால் யார் வந்தாலும் அக்கா அதையே எழுதச் சொல்வார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

ஒரு காலை சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள். புள்ளியியல், இரண்டாம் வருடம். அவள் கைக்கு ஜன்னல் எட்டவில்லை. அக்கா எழுந்து எக்கித்தான் கடிதத்தை வாங்கினார். 'வகுப்பு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. தினமும் நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இனி முடியாது.'

"இதெல்லாம் எதுக்கும்மா? சொந்தக் காரணம்னு எழுதிக் குடு. இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்."

"அது என் காரணம் இல்லையே மேடம். படிக்கட்டுதானே காரணம்? நான் பொய் எழுத மாட்டேன். நாளைக்கு வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிறேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைப் பார் என்று முணுமுணுத்தபடி முத்திரையை எடுத்தார். கூடவே இணைத்திருந்த மதிப்பெண் பட்டியல் கண்ணில் பட்டது. வகுப்பில் முதல் இடம். ஓங்கிய கை இறங்க மறுத்தது.

"இதை மேல அனுப்பினா நமக்குத்தான் தலைவலி, பேசாம இருங்க" என்றார் கடிதத்தை எட்டிப் பார்த்த அலுவலகக் கண்காணிப்பாளர். அக்காவுக்கு வராத ஒரே வேலை பேசாமல் இருப்பது. நேராகத் துணைவேந்தர் அறைக்குப் போனார்.

துணைவேந்தர் புதிதாக வந்திருந்த அம்மாள். கடிதத்தைப் படித்துவிட்டு, "என்ன செய்யலாம்?" என்று அக்காவிடமே கேட்டார்.

"கீழ உங்க கூட்ட அறை இருக்கு மேடம். மாசத்துல ரெண்டு நாள்தான் திறக்குறாங்க."

துணைவேந்தர் சிரித்துவிட்டார். "நாளையிலேருந்து அது வகுப்பறை. கூட்டத்துக்கு நாங்க மாடி ஏறிக்கிறோம். லிஃப்ட் வேலையை நானே எடுத்துக்கிறேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "இந்த மாதிரிக் காரணத்தால படிப்பை விட வந்த முதல் ஆள் இந்தப் பொண்ணுதானா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. எந்தக் கோப்பும் காட்டிக்கொடுக்காது.

"இல்ல மேடம். நிறையப் பேர். எல்லாரையும் சொந்தக் காரணம்னு எழுதச் சொன்னது நான்தான்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தார். துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உண்மையை எழுதினா அலைய விட்டது நாங்க. உங்களை மட்டும் என்ன சொல்றது? இனிமே அவங்க சொல்ற காரணத்தை அப்படியே வாங்குங்க. நான் பார்க்காம ஒரு கோப்பும் மூடக்கூடாது. ஞாபகம் இருக்கிறவங்களுக்கெல்லாம் நீங்களே ஃபோன் பண்ணுங்க. திரும்பி வர்றாங்களான்னு கேளுங்க."

மறுநாள் சக்கர நாற்காலிப் பெண் வந்தாள். கூட்ட அறைக் கதவில் 'புள்ளியியல்' என்று ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு மனது நிறைந்துவிட்டது.

முதல் ஃபோன், மூன்று வருடத்துக்கு முன் படிப்பை விட்டுப் போன ஒரு மாணவன் வீட்டுக்கு. காது கேட்காதவன், உதட்டசைவைப் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொள்வான். பேராசிரியரோ முழு வகுப்பையும் கரும்பலகையைப் பார்த்தே நடத்துகிறவர். அவனுடைய அம்மாதான் எடுத்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்பவாவது அந்த சார் பிள்ளைங்க பக்கம் திரும்பி நின்னு பாடம் நடத்துவாராம்மா?"

ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருக்கலாம். அக்கா கைபேசியும் கையுமாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வைக்காதீங்க, லைன்லயே இருங்க. அவர் ரூமுக்குத்தான் நடந்துக்கிட்டிருக்கேன்."