சித்தி எங்களோடு இருந்த மூன்று மாதம்

ஊறுகாய் ஜாடி ஒன்றை, குழந்தையை வைத்துக்கொள்வது போல இடுப்பில் வைத்துக்கொண்டு, சித்தி எங்கள் மாதுங்கா வீட்டுப் படியேறி வந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பின்னால் சித்தப்பா டிரங்குப் பெட்டியோடும், அவருக்குப் பின்னால் இரண்டு பெண் குழந்தைகள் ஆளுக்கொரு தலையணையோடும் வந்தார்கள். எங்களுடையது மூன்றாவது மாடி. கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, சித்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "பத்தே நாள் அக்கா. அதுக்குள்ளே இவர் எடம் பாத்துடுவார்" என்றாள். பாத்திரங்களைக்கூட விற்றுவிட்டு வந்தவள், வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அந்த எலுமிச்சங்காய் ஊறுகாயை மட்டும் விட்டுவைத்திருந்தாள். சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள் இல்லை, அம்மாவின் சித்தி பெண். ஆனால் அம்மாவுக்கு இருந்த ஒரே சொந்தம் அவள்தான்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. முடிந்ததே என்று பம்பாய் முழுக்க விளக்கு ஏற்றினார்கள். அந்த யுத்தத்தினால் அடுப்பு எரிந்தவர்களைப் பற்றி யார் நினைத்தார்கள்? சித்தப்பா பட்டாளத்துக்குச் சாமான் அனுப்பும் ஓர் ஆபீசில் குமாஸ்தா. குர்லாவில் ஓர் அறையும் ஆபீசே கொடுத்திருந்தது. பட்டாளம் கலைந்ததும் ஆபீசும் கலைந்தது. வேலை போன கையோடு, பதினைந்து நாளில் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு அறை வேண்டுமானால் பகடி கொடுக்க வேண்டும். வாடகையைத் தவிர, சாவியைக் கையில் வாங்குவதற்கென்றே தனியாக ஒரு பெரிய தொகை. சித்தப்பா தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை தேடப் போவார். மத்தியானத்துக்கு மேல் அதே கோட்டோடு வீடு தேடுவார். ஒரு நாள் பாண்டுப் வரைக்கும் நடந்தே போய்விட்டு வந்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

எங்கள் வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, அதன் பின்னால் ஒருவர் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பால்கனி, அவ்வளவுதான். அதில் ஏழு பேர். அப்பாவும் சித்தப்பாவும் வெளி வராந்தாவில் படுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அறையிலும் சமையலறையிலும். அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் அவர் வீட்டில் இன்னொரு குடும்பத்தைச் சும்மா சேர்த்துக்கொள்கிறவரும் இல்லை. சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அம்மா அப்போது ஐந்து மாதம். பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு கிடையாது. தாயார் தகப்பனார் இருவரும் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு உண்டான இரண்டும் தங்கவும் இல்லை. "பிரசவம் வரைக்கும் ஒத்தாசையா இருக்கட்டும்" என்று அப்பா சொன்னார். ஆக, சித்தி வேலை செய்கிற வரைக்கும்தான் அந்தக் குடும்பத்துக்கு எங்கள் கூரை. இது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்திக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடிப்பாள், அரைப்பாள், சமைப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். அம்மா ஒரு டம்ளரை எடுத்தால்கூட, "நீ வை அக்கா" என்று பறித்துக்கொள்வாள்.

முதல் மாதம் அவளுக்குத் தூரமான மூன்று நாளும் பால்கனியில் உட்கார்ந்தாள். எங்கள் வீடுகளில் அப்போது அதற்கு மாற்றே கிடையாது. தனிப் பாய், தனித் தட்டு, கொடியின் ஓரத்தில் தனியாகக் காயும் பழந்துணிகள். உயரத் தூக்கிச் சோற்றைத் தட்டில் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்து வயதில் நான் ஆசாரத்தில் ஒரு குட்டிக் கிழவி. "தள்ளி உக்காரு சித்தி, மேலே படப்போறது" என்று அதட்டுவேன். அவளும் சிரித்துக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அந்த மூன்று நாளும் அம்மாவுக்கு அடுப்பருகே நின்றால் தலை சுற்றியது. கடைசியில் அப்பாதான் சமைத்தார். இரண்டு நாள் ஆபீசுக்குத் தாமதம். மூன்றாம் நாள் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு, "இத்தனை பேர் இருந்தும் நான்தான் சமைக்கணும்னா, இவா எதுக்கு இங்கே இருக்கா?" என்றார். பால்கனிக் கதவு திறந்துதான் இருந்தது.

அடுத்த மாதம் சித்தி உட்காரவில்லை. பெரியவர்கள் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. வீடு ஒழுங்காக நடந்தது. அப்பா நேரத்துக்கு ஆபீஸ் போனார்.

மூன்றாவது மாதம் தாத்தாவின் சிராத்தம் வந்தது. அப்பாவுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. முந்தின நாளிலிருந்தே யாரோடும் அதிகம் பேச மாட்டார். அம்மா ஏழு மாதம் தாண்டியவள், அடுப்பில் நிற்க முடியாது. பங்காளி வீட்டுப் பெண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மடியாகச் செய்தால் போதும் என்று சிராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியார் சம்மதித்தார். சித்தி ஈரப் புடவையோடு விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருந்தாள். பாகற்காய், வாழைக்காய், உளுந்து வடை, எள்ளுருண்டை. சித்தப்பா இலை நறுக்கினார். சாப்பிட வந்த பிராமணர்கள் இரண்டு பேரும் கால் கழுவிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாகிவிட்டது.

அடுப்பில் தணல் போதவில்லை என்று சித்தி என்னைக் கரி அள்ளிவரச் சொன்னாள். கரி மூட்டை பால்கனியில் இருந்தது. குனிந்து அள்ளும்போது கொடி தலையில் இடித்தது. சித்தியின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், வெளியில் தெரியாதபடி, அந்தப் பழந்துணிகள். கரிக் கூடையோடு சமையலறை வாசலில் வந்து நின்றேன். எனக்கு அப்போது கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற பெருமைதான். "சித்தி, நீ பால்கனியிலேன்னா உக்காரணும்? துணி காயறதே!" என்றேன். நல்ல உரத்த குரல் எனக்கு.

மந்திரம் நின்றது. வாத்தியார் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். பிராமணர்கள் எழுந்துகொண்டார்கள். அப்பா எழுந்து வந்து சித்தியின் முகத்தைப் பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என்னோடதுதான் அத்திம்பேர்" என்று மட்டும் சொன்னாள். அம்மா சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயே திறக்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தேன். சமைத்தது எல்லாவற்றையும் சித்தப்பாவே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். அரிசியும் பருப்பும் வாழைக்காயும் பச்சையாகவே கொடுத்துச் சிராத்தத்தை ஒருவழியாக முடித்தார்கள். எல்லோரும் போன பிறகு அப்பா குழந்தை மாதிரி அழுதார். "எங்கப்பா பசியோட திரும்பிப் போயிட்டார்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவிடம், "சாயங்காலத்துக்குள்ளே வேற எடம் பாத்துக்கோங்கோ" என்றார். சாயங்காலம் அவர்கள் படியிறங்கினார்கள். குழந்தைகள் தலையணையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். சித்தி போகும்போது என் கன்னத்தைத் தொட வந்தவள், கையை இழுத்துக்கொண்டாள். நான் தீட்டுக்குப் பயப்படுவேன் என்று நினைத்திருப்பாள்.

தம்பி பிறந்து இரண்டு மாதம் கழித்து, அப்பா ஆபீஸ் போன ஒரு பகலில், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தாராவிக்கு நடந்தாள். சித்தப்பாவின் பழைய ஆபீஸ் பியூன் ஒருவர், திருநெல்வேலிக்காரர், தன் குடிசையைச் சாக்குப்படுதாவால் இரண்டாகத் தடுத்து ஒரு பாதியை அவர்களுக்கு விட்டிருந்தார். தோல் பதனிடுகிற நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் நின்று பியூனின் மனைவி அம்மாவுக்குக் கை கொடுத்தாள். "மெல்ல வாங்கம்மா, பலவை ஆடும்" என்றாள். உள்ளே சித்தி படுதா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி, "கிட்ட வராதே அக்கா, இன்னிக்கு ரெண்டாம் நாள்" என்றாள். பியூனின் மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நான் பொங்குததுல ரெண்டு வாய் அவுகளும் சாப்புடுதாக. எங்க உக்காந்தா என்னம்மா, எடம் கெடக்குல்லா?" என்றாள். அங்கே கிடந்த இடத்தை நான் பார்த்தேன். இரண்டு பாய் விரிக்க முடியாது.

அம்மா தள்ளி நிற்கவில்லை. நேரே போய்த் தம்பியைச் சித்தியின் மடியில் போட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்டவர்கள் பொங்கியதைத் தின்னும்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் எட்டியது. அடுத்த வருஷம் சித்தப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை கிடைத்துப் போனார்கள். அதன் பிறகு நான் சித்தியைப் பார்க்கவே இல்லை.

அம்மா கடைசிக் காலத்தில் செம்பூரில் என்னோடு இருந்தாள். எனக்கு இரண்டு படுக்கையறை வீடு, அதில் ஓர் அறை அவளுக்கே. சித்தி போய்விட்டாள் என்று கோயம்புத்தூரிலிருந்து கார்டு வந்த அன்று நான் அழுதேன். "என் வாயாலேதான் அவா தெருவுக்குப் போனா" என்றேன். எத்தனையோ வருஷமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்ததை அன்றுதான் சொன்னேன். அம்மா கார்டை என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு, "அவளை உக்கார வேண்டாம்னு சொன்னதே நான்தான். ரெண்டு மாசமும் நான்தான் சொன்னேன். அவ மாட்டேன் மாட்டேன்னு அழுதா" என்றாள்.

"அன்னிக்கே அப்பாகிட்டே சொல்லியிருக்கலாமோன்னோ?" என்று கத்திவிட்டேன்.

"சொல்லி, என்னையும் போன்னுட்டார்னா? வயத்திலே அவனை வெச்சுண்டு நான் எங்கேடி போவேன்?" என்றாள் அம்மா.

அப்பா அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை.